இறங்காத ஏ.எஸ்.ஓ.

ஏ குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா பெரும்பாலும் தொண்டையில் வளரும். சில நேரம் தோலில் சிரங்காகத் தலைகாட்டும். பெருகும்போது அது சுரக்கும் பொருள்களில் ஒன்று ஸ்ட்ரெப்டோலைசின் ஓ. ரத்தச் சிவப்பணுக்களின் சவ்வில் துளைபோட்டு அவற்றை உடைக்கக்கூடிய நச்சுப் புரதம் இது. உடல் இதை அந்நியப் பொருள் என்று இனங்கண்டு, முடக்குவதற்கு எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் ஏ.எஸ்.ஓ. பரிசோதனை. இ. டபிள்யூ. டாட் என்ற பிரிட்டிஷ் நுண்ணுயிரியலாளர் 1932இல் இந்த அளவீட்டை வகுத்து, இதயத்தையும் மூட்டையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் கண்டவர்களின் ரத்தத்தில் அது உயர்ந்திருப்பதைக் காட்டினார். பழைய ரிப்போர்ட்டுகளில் அளவு டாட் யூனிட்டில் இருக்கும். இப்போது சர்வதேச யூனிட்டில் தருகிறார்கள்.

தொற்று வந்தவுடன் இந்த அளவு ஏறிவிடாது. குறைந்தது ஒரு வாரம் கழிந்த பிறகே ஏறத் தொடங்கி, மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள் உச்சத்தைத் தொடும். பிறகு மெல்ல இறங்கிப் பழைய நிலைக்கு வர ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். புதிதாக எந்தத் தொற்றும் இல்லாமலே அதற்கு மேலும் உயர்ந்தே நிற்பவர்கள் உண்டு. ஆகவே இன்று தொண்டை வலிக்கிற பிள்ளைக்கு இன்றே ஏ.எஸ்.ஓ. எடுப்பதால் பயன் எதுவும் கிடையாது. கிருமி இப்போது தொண்டையில் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும், அல்லது துரிதப் பரிசோதனை செய்ய வேண்டும். ஏ.எஸ்.ஓ. சொல்வது பழைய கதை. அது போன மாதத்துக் கதையா, போன வருடத்துக் கதையா என்பதையும் ஒற்றை எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

அந்த எண் எப்போது அதிகம் என்பதில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது. ரிப்போர்ட்டில் 412 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். எதிரே இயல்பான அளவு 200க்குள் என்று இருக்கும். பெற்றோருக்கு வயிற்றில் புளியைக் கரைக்க அது போதும். ஆனால் 200 என்பது எல்லா வயதுக்கும் எல்லா ஊருக்கும் பொருந்தும் எல்லை அல்ல. மேல் எல்லையை வகுக்கும் முறையே இதைச் சொல்லிவிடும். ஒரு பகுதியில் குறிப்பிட்ட வயதுள்ள ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை எடுத்து அளந்து, அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மட்டும் தாண்டுகிற அளவு எதுவோ அதை மேல் எல்லையாக வைக்கிறார்கள். ஆக, நோயே இல்லாதவர்களில் ஐந்தில் ஒருவர் எல்லைக்கு மேலே இருப்பார் என்பது இந்தக் கணக்கிலேயே அடக்கம். கைக்குழந்தைகளுக்கு அளவு மிகக் குறைவாக இருக்கும். பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் ஏறும். ஆறு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை உச்சத்தில் இருந்து, வளர்ந்த பிறகு குறையும். வகுப்பறையிலும் விடுதியிலும் நெருங்கி வாழும் பிள்ளைகளிடம் இந்தக் கிருமி சர்வசாதாரணமாகக் கைமாறுவதே காரணம். பத்து வயதுப் பிள்ளைக்கு 250 அல்லது 300 இருந்தால், அவன் பள்ளிக்கூடம் போகிறான் என்பதற்கு மேல் அது பெரிதாக எதையும் சொல்வதில்லை.

அளக்கும் முறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெரிய ஆய்வகங்களில் இயந்திரம் அளந்து துல்லியமான எண்ணைத் தரும். சிறிய லேப்களில் லேட்டக்ஸ் முறை இன்னும் இருக்கிறது. கறுப்பு வட்டங்கள் போட்ட ஸ்லைடில் ஒரு சொட்டு சீரம் விட்டு, பால்போல் வெள்ளையாக இருக்கும் லேட்டக்ஸ் திரவத்தை ஒரு சொட்டு சேர்த்து, குச்சியால் கலக்கி, இரண்டு நிமிடம் ஸ்லைடை மெல்ல ஆட்டுகிறார்கள். வெள்ளைத் துகள்கள் திரிதிரியாகத் திரண்டால் அளவு 200க்கு மேல் என்று பொருள். பிறகு சீரத்தை உப்புநீரில் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, எந்தக் கட்டம்வரை திரிகிறது என்று பார்க்கிறார்கள். அதனால்தான் இந்த முறையில் விடை எப்போதும் 200, 400, 800 என்று இரட்டித்துக்கொண்டே வருகிறது. திரிந்ததா இல்லையா என்று முடிவுசெய்வது கண்தான். இந்த முறையில் போன மாதம் 400, இந்த மாதம் 800 என்று வந்தால், கூடியிருப்பது ஒரே ஒரு கட்டம். அது அளவீட்டில் நேரும் வழக்கமான வேறுபாடாகவே இருக்கலாம். ஒரு லேபில் இயந்திரத்திலும் அடுத்த முறை வேறு லேபில் ஸ்லைடிலும் எடுத்துவிட்டு இரண்டு எண்களையும் ஒப்பிடுவது அர்த்தமற்ற வேலை. சமீபத்தில் தொற்று வந்ததை உறுதியாகக் காட்டுவது, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் ஒரே முறையில் எடுத்த இரண்டு சோதனைகளுக்கு நடுவில் இரண்டு கட்ட உயர்வு, அதாவது நான்கு மடங்கு ஏற்றம்.

இனி, மாதக்கணக்கில் இறங்காமல் நிற்பதற்கான காரணங்கள். பொதுவானது, ஒரு தொற்றின் அளவு முழுதாக இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுவது. வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் இது எளிதில் நடக்கும். சிலருடைய உடல் இயல்பாகவே எதிர்ப்பொருளை அதிகமாகத் தயாரித்து நெடுநாள் வைத்துக்கொள்ளும். வேறு சிலர் கிருமியைத் தொண்டையில் சுமந்துகொண்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுபவர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒருவராவது ஏதோ ஒரு சமயத்தில் இப்படிச் சுமப்பவராக இருக்கக்கூடும். இவர்களில் சிலருக்கு எதிர்ப்பொருள் அளவு ஏறவும் இறங்கவும் இல்லாமல் ஒரே மட்டத்தில் உயர்ந்து நிற்கும். இவர்களுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும் ஆபத்தும் மிகக் குறைவு, மற்றவர்களுக்குப் பரப்பும் வாய்ப்பும் குறைவு. தவிர, ஸ்ட்ரெப்டோலைசின் ஓ ஏ குழுவின் தனிச்சொத்து இல்லை. சி, ஜி குழுக்களைச் சேர்ந்த சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களும் அதைச் சுரக்கும். கல்லீரல் நோயிலும் ரத்தக் கொழுப்பு மிகுந்த நிலையிலும், எதிர்ப்பொருள் இல்லாமலே, சோதனை பொய்யாக உயர்ந்து காட்டுவதுண்டு.

தோலில் வரும் தொற்று இதற்கு நேரெதிர். சொறி சிரங்குப் புண்ணில் இந்தக் கிருமி புகுந்தால் ஏ.எஸ்.ஓ. அவ்வளவாக ஏறாது, ஏனென்றால் தோலில் உள்ள கொழுப்புப் பொருள்கள் அந்த நச்சுப் புரதத்தை அங்கேயே முடக்கிவிடுகின்றன. அத்தகைய சமயத்தில் ஆன்டி டி.என்.ஏஸ் பி என்ற இன்னொரு எதிர்ப்பொருளை அளப்பது பயன் தரும். அது சற்றுத் தாமதமாக, ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்கு வரும். எல்லா ஊர் லேப்களிலும் இது கிடைப்பதில்லை.

இவ்வளவு சாதாரணமான ஒரு எண்ணுக்கு இவ்வளவு பயம் வரக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். பயம் நியாயமானது. இந்தியாவில் இளம் வயதில் இதய வால்வு கெட்டுப்போய் ஆபரேஷன் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருடைய கதை, சிறு வயதில் கவனிக்கப்படாத தொண்டைவலியில் தொடங்கியிருக்கும். இந்தக் கிருமியின் மேலுறையில் உள்ள எம் புரதத்தின் சில பகுதிகள் மனித இதயத் திசுப் புரதங்களை ஒத்திருக்கின்றன. கிருமியைத் தாக்கக் கிளம்பிய நோயெதிர்ப்பு அமைப்பு, ஆள் அடையாளம் தவறி இதயத்தையும் மூட்டையும் மூளையின் சில பகுதிகளையும் தாக்குகிறது. தொண்டைத் தொற்று வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து இது தொடங்கும். சிகிச்சை பெறாத ஸ்ட்ரெப் தொண்டைத் தொற்றிலும்கூட நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் இது வருவதில்லை. பல இடங்களில் ஒருவருக்கும் குறைவு. ஏ.எஸ்.ஓ. எதிர்ப்பொருள் இந்தத் தாக்குதலில் பங்கெடுப்பதில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதயத்தைக் கெடுப்பது அது அல்ல. எனவே அதன் அளவைக் குறைத்தால் இதயம் தப்பிக்கும் என்ற கணக்கு அடிப்படையிலேயே தவறு.

ருமாட்டிக் காய்ச்சலை இன்னதென்று உறுதிசெய்ய, அமெரிக்காவின் பாஸ்டனில் பணியாற்றிய டாக்டர் டி. டக்கெட் ஜோன்ஸ் 1944இல் சில அளவுகோல்களை வகுத்தார். பலமுறை திருத்தப்பட்டு, கடைசியாக 2015இல் அமெரிக்க இதயச் சங்கம் புதுப்பித்த வடிவம் இன்று வழக்கில் இருக்கிறது. முக்கிய அறிகுறிகள் ஐந்து: இதய அழற்சி, ஒரு மூட்டு ஆறி அடுத்த மூட்டுக்குத் தாவும் வீக்கமும் வலியும், கை கால் முகம் தன் போக்கில் துள்ளும் கொரியா, வளைய வளையமான செந்தடிப்பு, தோலுக்கடியில் வலியில்லாத சிறு முடிச்சுகள். காய்ச்சல், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. உயர்வு, ஈ.சி.ஜி.யில் ஒரு குறிப்பிட்ட இடைவெளி நீள்வது போன்றவை துணை அறிகுறிகள். முதல் தடவை நோய் என்று முடிவுகட்ட, முக்கிய அறிகுறி இரண்டு அல்லது முக்கியம் ஒன்றும் துணை இரண்டும் வேண்டும். இந்தியா போல இந்நோய் பரவலாக உள்ள நாடுகளுக்கு 2015 திருத்தம் சில தளர்வுகளைத் தந்திருக்கிறது. ஒரே ஒரு மூட்டு வீங்கினாலும் அது முக்கிய அறிகுறியாக எண்ணப்படலாம். ஸ்டெதஸ்கோப்பில் கேட்காமல் எக்கோ என்னும் இதய ஸ்கேனில் மட்டும் தெரியும் வால்வுக் கசிவு எல்லா நாடுகளிலுமே இதய அழற்சியாகக் கணக்கில் வரும்.

இந்தப் பட்டியலில் ஏ.எஸ்.ஓ. முக்கிய அறிகுறியும் இல்லை, துணை அறிகுறியும் இல்லை. முன்பு ஸ்ட்ரெப் தொற்று வந்ததற்கான சான்று என்று தனியே நிற்கிறது. அறிகுறிகள் இருக்கும்போதுதான் அந்தச் சான்றுக்கு மதிப்பு. சான்று இல்லாததும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. உண்மையான ருமாட்டிக் காய்ச்சல் நோயாளிகளிலேயே ஐந்தில் ஒருவருக்கு ஏ.எஸ்.ஓ. உயராமல் இருக்கும். கொரியா தொற்றுக்குப் பல மாதம் கழித்தும் வரக்கூடியது, அதற்குள் எண் இறங்கிவிட்டிருக்கும். எண் உயரவில்லை என்று சொல்லி கொரியா வந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது, எண் உயர்ந்திருக்கிறது என்பதற்காக ஆரோக்கியமான பிள்ளைக்கு ஊசி போடுவதைவிடப் பெரிய ஆபத்து.

இரண்டாவது பிழைதான் நடைமுறையில் அதிகம். பிள்ளை சாயங்காலமானால் கால் வலிக்கிறது என்கிறது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஏ.எஸ்.ஓ. 400. மூட்டில் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, இதயத்தில் முணுமுணுப்பு இல்லை. ஆனாலும் ‘வாதக் காய்ச்சல்’ என்று பெயர் சூட்டப்பட்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி தொடங்கிவிடுகிறது. அடுத்த ஆறு மாதம் ஊசியும் ஓடுகிறது, சோதனையும் ஓடுகிறது. எண் 400லேயே நிற்க, ஊசி இன்னும் ஒரு வருடத்துக்கு நீள்கிறது.

அந்த ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. பென்சத்தீன் பெனிசிலின் குப்பியில் வெள்ளைப் பொடியாக வருகிறது. ஊசிநீர் விட்டுக் குலுக்கினால் கெட்டியான பால்போல ஆகும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் தடித்த ஊசி வேண்டும். ஆழமான தசையில், பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே, போடுகிறார்கள். தசையில் தேங்கி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதுதான் அதன் சிறப்பு. வலி அன்றைக்கே ஓய்வதில்லை. அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு இந்த ஊசிக்கு ஈடான மருந்து இல்லை. வராத பிள்ளைக்கு இது வீண் தண்டனை. கூடவே ‘இதய நோயாளி’ என்ற முத்திரை, விளையாட்டுப் பீரியடில் ஓரமாக உட்காரும் வழக்கம், பெண் பிள்ளையானால் கல்யாணம்வரை துரத்தும் கவலை.

பெனிசிலின் கொல்வது கிருமியை. ஏற்கெனவே உருவான எதிர்ப்பொருளையோ அதைத் தயாரிக்கும் செல்களையோ அது தொடுவதில்லை. ஏ.எஸ்.ஓ. அளவைக் குறைப்பதற்கென்று ஒரு மருந்து கிடையாது, தேவையும் கிடையாது. அசித்ரோமைசின், ஸ்டீராய்டு, பெயர் தெரியாத பொடி என்று எண்ணை இறக்க எதைக் கொடுத்தாலும் நியாயம் ஒன்றுதான்: கொடுக்கக் கூடாது.

எண்ணின் மீதே பார்வை குத்திட்டு நிற்பதில் இன்னொரு கேடு, உண்மையான நோய் கண்ணில் படாமல் போவது. கால் வலிக்கு வளர்ச்சி வலி, வைட்டமின் டி குறைவு, சிறார் மூட்டுவாதம் என்று பல காரணங்கள் உண்டு. பிள்ளை வெளிறிப்போய், விட்டுவிட்டுக் காய்ச்சலடித்து, இரவில் எலும்பு வலியால் அழுதால் அது ரத்தப் புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். பள்ளி வயதில் ஏ.எஸ்.ஓ. சும்மாவே உயர்ந்திருக்கும் என்பதால், இந்த நோய்கள் எல்லாவற்றோடும் அது தற்செயலாகச் சேர்ந்து நிற்கும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் ஏ.எஸ்.ஓ.வை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் விலைமதிப்பற்ற வாரங்கள் போய்விடும்.

அப்படியானால் உயர்ந்த எண்ணோடு வருகிறவருக்கு என்னதான் செய்வது? முதலில் ஆளைப் பார்ப்பது. சமீபத்தில் காய்ச்சலோடு தொண்டைவலி வந்ததா, மூட்டு வீங்கிச் சிவந்ததா அல்லது வெறும் வலியா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, எழுத்து கோணலாகி கையிலிருந்து பொருள் நழுவுகிறதா, சிறுநீர் கோலா நிறத்தில் போனதா, காலையில் முகம் ஊதியிருந்ததா என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். இதயத்தைக் கேட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, தேவைப்பட்டால் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீர்ப் பரிசோதனை எடுக்கலாம். சந்தேகம் மீதமிருந்தால் ஒரு எக்கோ. எல்லாம் சரியாக இருந்து எண் மட்டும் உயர்ந்திருந்தால் மருந்து வேண்டாம், மாதந்தோறும் மறுபரிசோதனையும் வேண்டாம். புதிய அறிகுறி வந்தால் வரச் சொல்லி அனுப்பலாம்.

சிறுநீரைக் கேட்பதற்குக் காரணம், இதே கிருமி சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. தொண்டைத் தொற்றுக்கு ஒன்று முதல் மூன்று வாரம், தோல் தொற்றுக்கு மூன்று முதல் ஆறு வாரம் கழித்துச் சிறுநீரக அழற்சி வரலாம். அப்போது ரத்தத்தில் சி3 என்ற புரதம் குறைந்து, எட்டு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வரும். பிள்ளைகளில் பெரும்பாலோர் முழுதாகக் குணமாகிவிடுகிறார்கள். இதற்கும் மாதாந்திர ஊசி தேவையில்லை. ஸ்ட்ரெப் தொற்றை ஒட்டி மூட்டுவீக்கம் மட்டும் வந்து, ருமாட்டிக் காய்ச்சலின் அளவுகோல்களை எட்டாதவர்கள் ஒரு தனி வகை. இவர்களை இதயத்துக்காகக் கண்காணிக்க வேண்டும். முன்னெச்சரிக்கையாக ஒரு வருடம்வரை பெனிசிலின் கொடுத்து, இதயம் சுத்தமாக இருந்தால் நிறுத்திவிடும் வழக்கமும் இருக்கிறது. திடீரென்று தொடங்கும் எண்ணச் சுழலையும் முகச்சுளிப்புப் பழக்கங்களையும் ஸ்ட்ரெப் தொற்றோடு இணைத்து அமெரிக்க டாக்டர் சூசன் ஸ்வீடோவின் குழு 1998இல் பாண்டாஸ் என்று ஒரு நிலையை விவரித்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. அதிலும் ஏ.எஸ்.ஓ. உயர்வு மட்டும் எதையும் நிரூபிப்பதில்லை.

ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க வேண்டிய இடம் தொண்டை. 1950இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் வாரன் விமானப்படைத் தளத்தில் இளம் வீரர்களுக்கு ஸ்ட்ரெப் தொண்டைத் தொற்று அடிக்கடி வந்துகொண்டிருந்தது. பெனிசிலின் பெற்றவர்களிடம் ருமாட்டிக் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. தொண்டைவலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் சிகிச்சை தொடங்கினாலும் பாதுகாப்பு கிடைக்கும். பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின் மாத்திரையைப் பத்து நாளும் சாப்பிட வேண்டும். மூன்றாவது நாளே வலி போய்விடுவதால் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். பத்து நாளும் மாத்திரை சாப்பிட முடியாது என்று தோன்றினால் ஒரே ஒரு பென்சத்தீன் ஊசி போதும். இத்தனை ஆண்டுகளாகியும் ஏ குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பெனிசிலினுக்கு அடங்காமல் போனதில்லை. மருத்துவத்தில் இப்படி ஓர் அதிர்ஷ்டம் அபூர்வம். மூக்கொழுகலும் இருமலுமாக வரும் தொண்டைவலி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு இந்த மருந்து எதுவும் வேண்டாம்.

டான்சிலை எடுத்துவிட்டால் எண் இறங்குமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். டான்சில் ஆபரேஷனுக்குப் பரவலாகக் கையாளப்படும் கணக்கு, ஒரே வருடத்தில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் ஐந்து ஐந்து முறை, அல்லது மூன்று வருடம் மும்மூன்று முறை கடுமையான தொண்டைத் தொற்று வந்திருப்பது. இதில் ஏ.எஸ்.ஓ.வுக்கு இடமில்லை.

உறுதியாக ருமாட்டிக் காய்ச்சல் வந்தவரின் நிலை முற்றிலும் வேறு. அவருக்கு ஊசி கட்டாயம்: 27 கிலோவுக்கு மேல் எடையிருந்தால் 12 லட்சம் யூனிட், குறைவாக இருந்தால் 6 லட்சம் யூனிட். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு தவணையும் தவறாமல். இதயம் பாதிக்கப்படாதவர்களுக்குக் குறைந்தது ஐந்து வருடம் அல்லது 21 வயதுவரை, எது பிந்தியதோ அதுவரை. வால்வு நிரந்தரமாகக் கெட்டவர்களுக்குப் பத்து வருடம் அல்லது 40 வயதுவரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. இந்தக் காலத்தைத் தீர்மானிப்பது எக்கோவும் வயதும் கடைசியாக நோய் வந்த தேதியும். நடுவில் ஏ.எஸ்.ஓ. இயல்புக்கு வந்துவிட்டது என்று ஊசியை நிறுத்தினால், அடுத்த தொற்றில் வால்வு மேலும் கெடும்.

வெறும் எண்ணுக்காக ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. தொடங்கிய காலத்து ரிப்போர்ட்டுகளைத் தேடியெடுத்து, அன்று மூட்டு வீங்கியதா, காய்ச்சல் இருந்ததா, ஈ.எஸ்.ஆர். எவ்வளவு இருந்தது என்று குழந்தைகள் மருத்துவரிடமோ இதய மருத்துவரிடமோ காட்டி, ஒரு எக்கோவும் பார்த்த பிறகு முடிவெடுக்க வேண்டும். அன்றைய நிலையில் அளவுகோல்கள் பொருந்தவில்லை, வால்வுகளும் நன்றாக இருக்கின்றன என்றால் ஊசியை அன்றோடு நிறுத்திவிடலாம். இனி தொண்டைவலி வரும்போது அது ஸ்ட்ரெப்தானா என்று அப்போதைக்கப்போது பார்த்துக்கொண்டால் போதும்.